நாற்பதில் நிறுத்து

ஆயர் ஈத்தாமில் மாமனார் வீட்டோடு அடைபட்டுக் கிடந்த குகனின் விடுதலை பகடையில் இருந்தது. ஞாயிறு ஆட்டத்தில் மாமனார் நல்லமுத்துவை வென்றால், மனைவி காமினியோடு செபராங் ஜெயாவில் தனிக்குடித்தனம் போகலாம்.

உருட்ட உருட்டப் புள்ளி சேரும்; வேண்டிய இடத்தில் நிறுத்தினால் அது கணக்கில் ஏறும், முதலில் நூறைத் தொடுபவருக்கே வெற்றி. ஒன்று விழுந்தாலோ அந்தச் சுற்றில் சேர்ந்தது முழுதும் போய்விடும்.

காமினி கணினியில் இலட்சம் ஆட்டங்களை ஓட்டிப் பார்த்தாள். “நாற்பது சேர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.”

அடுத்த ஏழு ஞாயிறும் குகன் தோற்றான்.

“இந்த வாரமும் இங்கதான்லா, மாப்ள!” என்று சிரித்தார் மாமனார்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க,” என்று தேற்றினாள் காமினி.

அவள் காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்த வேளையில் குகன் அவளது கணினியைத் திறந்தான். அது பொய் சொல்லவில்லை. பத்து உத்திகளை வெற்றி வாய்ப்பின்படி வரிசையிட்டிருந்தது. இருபதில் நிறுத்துவது முதலிடம். நாற்பதில் நிறுத்துவது கடைசி; அதன் எதிரே காமினி குறித்திருந்தாள்: “அவருக்கு இது.”