பட்டில்லாத பளபளப்பு

சாந்திமதி நூல்கடைப் பலகையில் துணியை விரித்திருக்கிறாள். சமணர் கோயிலான ஜினாலயத்தின் திரைக்காக அதில் ஒரு தாமரை தைக்கிறாள். இலையைச் சொரசொரப்பான பருத்தி நூலில் தைத்தாயிற்று. இதழையும் அதிலேயே தைத்தால் இரண்டும் ஒன்றாய் மங்கிவிடும். இதழ் மினுங்க வேண்டும். ஆனால் புழுவைக் கொன்று எடுக்கும் பட்டு அவர்கள் கோயிலுக்கு ஆகாது. "காலையிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கேன், பட்டு வேணாம்பா!" "இது ரேயான்மா, சத்தியமா," என்று மூன்றாவது நூல்கண்டை எடுக்கிறார் கடைக்காரர் பாச்சா. முன்னிரண்டைப் போலவே இதன் நுனியையும் கொளுத்திக் காட்டுகிறார். பட்டென்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும். மரக்கூழில் செய்த ரேயானுக்குரிய காகிதம் எரிகிற வாசனை வராதா என்று, பாவம், மூச்சை ஆழ இழுக்கிறாள். முடி நாற்றம்தான். பாச்சாவின் முகம் பூரிக்கிறது. "பாத்தீங்களா, இதுவும் அசல் பட்டு! நம்ம கடையில கலப்படமே இருக்காதுமா!" சாந்திமதி நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். "இந்த ஊர்ல நல்லதா ஒரு போலி கிடைக்காதாபா?"