இன்னும் ஒரே ஒரு டீ

மலைச்சரிவில் தனியாக வாழ்ந்த முள்ளம்பன்றியின் வளைக்குள், மழைக்கு ஒதுங்க ஒரு கீரி வந்தது. பேச ஆளில்லாமல் தன் குரலே மறந்துபோயிருந்த முள்ளம்பன்றிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துளசி டீ போட்டுக் கொடுத்தது. மழை விட்டதும் கீரி எழுந்தது.

"செம்பருத்தியில ஏலக்காய் தட்டிப் போட்டது ஒண்ணு இருக்கு. குடிச்சுப் பாருங்களேன்."

குடித்தது. பிறகு எலுமிச்சைப்புல்லும் மிளகும் கலந்ததையும் குடித்தது.

"வயிறு முட்டிடுச்சு. கிளம்பட்டுமா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

உள்ளே ஓடிப் பார்த்தால் டப்பாக்கள் எல்லாம் காலி. வேறு வழியில்லாமல் வெறும் வெந்நீரையே கொண்டுவந்து நீட்டிவிட்டு, முள்ளம்பன்றி தலையைக் குனிந்துகொண்டது.

கீரி ஒரு வாய் குடித்தது. கோப்பையைப் பார்த்தது. மறுபடி உட்கார்ந்தது.

"ரொம்பச் சூடா இருக்கு. ஆறட்டும், மெதுவாக் குடிக்கிறேன்."