கண்மாய் பனோரமா

காலை நடையில் தவசி வழக்கம்போல ஊர்க் கண்மாயைப் பனோரமா எடுத்து முகநூலில் போட்டான். வறண்டு கிடந்த கண்மாயில் போன் தானாகவே படத்தில் தண்ணீரை நிரப்பி அழகாக்கியது. மறுநாளிலிருந்து ஊருக்குத் தண்ணி லாரி வரவில்லை.

"உங்க கண்மாய்தான் நெறஞ்சு கெடக்கே," என்று, கேட்கப் போன தவசியிடம் லாரி அனுப்பும் அதிகாரி அந்தப் படத்தையே காட்டினார்.

"சார், அது போன் ஊத்துன தண்ணி."

"அப்ப வறண்ட படத்தை எடுத்து அனுப்புங்க."

எப்படி எடுத்தாலும் அலையடித்தது. "நான் நடுவுல போயி நிக்கிறேன், என்ன செய்யுதுன்னு பாப்போம்," என்று அவன் மனைவி பூங்கோதை காலிக் குடத்தோடு வெடித்த மண்ணில் இறங்கினாள். போன் அவளைப் பரிசலில் ஏற்றி, குடத்தைத் துடுப்பாக்கியது. தவசி சுதாரிப்பதற்குள் விரல் பட்டுப் படம் அதிகாரிக்குப் போய்விட்டது.

உடனே பதில் வந்தது: "லைஃப் ஜாக்கெட் இல்லாம வீட்டம்மாவை ஆழத்துக்கு அனுப்பாதீங்க."