தொடாத பால்

பேரிகை கிராமத்திலிருந்து கொண்டுவந்த நாய்க்குட்டிக்குப் பிறந்து இருபத்தைந்து நாள்கூட ஆகவில்லை. கம்பெனியிலிருந்து வந்ததும் பொற்கொடி ஊட்டிய பாலை அது இன்றும் தொடவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

"பகலெல்லாம் நீங்களே ஊட்டிடறீங்க. அப்புறம் என்கிட்ட எங்க குடிக்கும்?"

நைட் ஷிஃப்ட் பார்க்கும் கணவன் மோகன்குமார் முறைத்தான். "பகல்ல நான் தூங்கறேன். உன்கிட்ட மட்டும் குடிக்குதுன்னு நானில்ல கடுப்புல இருக்கேன்."

அப்படியானால் குட்டி இருவரிடமும் குடிக்கவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"நாயை விரட்டுங்க, இல்ல வீட்டைக் காலி பண்ணுங்க" என்று வீட்டுக்கார அம்மா வெங்கடம்மாள் மாடியிலிருந்து வழக்கம்போலக் கத்தினாள்.

கால்நடை டாக்டர் குட்டியின் வயிற்றைத் தடவினார். "வயிறு நெறஞ்சுதான் இருக்கு. பகல்ல ஆட்டுப்பால் குடுக்கறதா நேத்து வயித்துப் பூச்சி மருந்துக்குக் கொண்டுவந்தப்ப அந்தம்மா சொன்னாங்களே."

"எந்தம்மா?" பொற்கொடியின் குரல் எகிறியது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "குட்டியோட உரிமையாளர், வெங்கடம்மாள்."