யாரால் வந்த வைரஸ்?

"நான் இல்ல. கம்ப்யூட்டரைத் தொட்டே ரெண்டு நாளாச்சு" என்றார் மாமனார்.

"அப்போ நேத்து சாயங்காலம் அதுல செஸ் ஆடினது யாரு மாமா?" என்றாள் மருமகள்.

"செஸ் ஆடினா வைரஸ் வராதும்மா. உன் புருஷனைக் கேளு. கண்ட மெயிலையும் திறக்கிறவன் அவன்தான்."

"என்னை ஏம்ப்பா இழுக்கறீங்க?" மகன் எகிறினான். "கடை கடையா பென் டிரைவைத் தூக்கிட்டு அலையறது இவதான்."

கம்ப்யூட்டர் டாக்டர் இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவருக்கு அதுதான் பெயர். நேற்றுக் காலைதான் வந்து புது ஆன்டிவைரஸ் போட்டுவிட்டு, மானிட்டர் ஓரத்தில் ஒரு காகிதமும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். தெரியாத மெயிலைத் திறக்காதே. வெளி பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் தொடாதே. ஆன்டிவைரஸை அணைக்காதே. பசைகூடக் காய்ந்திருக்காது.

நேற்று முழுக்க நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், ராத்திரி அணைத்துவிட்டு இன்று காலை போட்டபோது கிளம்பவில்லை. கறுப்புத் திரை, மேலே வெள்ளையாய் ஏதோ எழுத்து. மருமகள் பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். மூன்று மாதமாக வரைந்த நாற்பது படமும் அதற்குள்தான். மாலை ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

"பரவிடுமோன்னு பயந்து பிளக்கையே பிடுங்கிட்டேன்ணா" என்றாள்.

"படத்துக்கெல்லாம் வேற நகல் இருக்கா?"

"இல்ல."

"சரி, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். கொஞ்ச நேரம் என்னைத் தனியா விடுங்க."

தனியாக எங்கே விட்டார்கள்?

முதலில் மாமனார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அறையில் ஏற்கெனவே இரண்டு நாற்காலி இருந்தது. கதவைச் சாத்தினார்.

"தம்பி, நேத்து ஆடிட்டிருக்கும்போது அந்த ஆன்டிவைரஸ் நடுவுல நடுவுல வந்து ஏதோ கேட்டுட்டே இருந்துது. ராணி பறிபோற நேரம். எரிச்சல்ல அணைச்சுட்டேன். அந்தப் பொண்ணு மூணு மாசமா முதுகு ஒடிய வரைஞ்சது. என்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அது முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவர் போனதும் மகன் டார்ச்லைட்டோடு வந்தான். பட்டப்பகல்.

"சார், முப்பது நாள்ல முடி வளரும்னு ஒரு மெயில் வந்துது. கூட ஒரு ஃபைல்." சொட்டையைத் தடவிக்கொண்டான். "நேத்து மத்தியானம் திறந்துட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

தேநீர் கொண்டுவந்த மருமகள் டம்ளரை வைப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"அவங்க ரெண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேண்ணா. நான்தான் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ட்டு வந்த பென் டிரைவை அப்படியே செருகினேன். அவசரத்துல ஸ்கேன் பண்ணல."

"போங்கம்மா, நான் பார்த்துக்கறேன்."

ஒரே நாளில் மூன்று கட்டளையையும் மீறின குடும்பத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டே பிளக்கைச் செருகினார். திரையில் அந்த வெள்ளை எழுத்து வந்தது. படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

'செருகியிருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கவும்.'

கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். நகம் அளவு பென் டிரைவ் ஒன்று கையோடு வந்தது. நேற்று ஆன்டிவைரஸ் ஏற்றுவதற்காக அவரே செருகியது. கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதைப் பிடுங்கியதும் ஜம்மென்று கிளம்பிவிட்டது. நாற்பது படமும் பத்திரம்.

ஆன்டிவைரஸை உயிர்ப்பித்து முழு ஸ்கேன் ஓட்டினார். முடி வளர்க்கிற ஃபைல் மட்டும் நேற்று திறந்தபோதே ஆன்டிவைரஸிடம் வாசலிலேயே பிடிபட்டுக் கிடந்தது. மற்றபடி சுத்தம். படங்களைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்தார்.

இனி அந்தப் பென் டிரைவை ஜேப்பில் போட்டுக்கொண்டால் விஷயம் முடிந்தது. பழியை ஏற்க வெளியே மூன்று பேர் தயார். 'டாக்டர் கை வெச்சா தப்பாது' என்று இருபது வருஷமாக வாங்கிய பெயரும் பிழைக்கும்.

ஜேப்பில் போட்டுக்கொண்டார். டம்ளரோடு அழுத முகம் ஞாபகம் வந்தது. மனசு கேட்கவில்லை. கூடத்துக்கு வந்து வெளியே எடுத்துக் காட்டினார்.

"வைரஸே இல்ல. நேத்து நான் மறந்து விட்டுட்டுப் போன பென் டிரைவ் இது. இதாலதான் கிளம்பல. தப்பு முழுக்க என்னோடதுதான். மன்னிச்சுக்கோங்க. படம் அத்தனையும் பத்திரமா இருக்கு."

வீடே துள்ளியது. மருமகள் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் செருப்பு மாட்டும்போது மாமனார் காதோரம் குனிந்தார். "ஜேப்பிலேர்ந்து பென் டிரைவை எடுத்துக் காட்டினீங்க பாருங்க, என்ன நடிப்பு தம்பி. எனக்காகப் பழியைத் தலையில போட்டுக்கிட்டீங்களே."

"ஐயோ, நிஜமாவே நான்தாங்க."

"தெரியும், தெரியும்."

மாடிப்படியில் மகன் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். "என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க சார்."

அவன் மேலே போனதும் மருமகள் தெருக் கதவுவரை ஓடிவந்தாள். "கூடப் பிறந்த அண்ணன்கூட எனக்காக இப்படிப் பொய் சொல்லியிருக்க மாட்டார்ணா."

அவளும் மேலே போனதும் டாக்டர் தெருவில் இறங்கி வாய்விட்டுச் சிரித்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தன் தப்பை ஒத்துக்கொண்டிருக்கிறார், நம்புவதற்கு ஒரு ஆள் இல்லை. சைக்கிளை எடுக்கும்போது மேலே திறந்திருந்த ஜன்னல் வழியாக மாமனாரின் குரல் கணீரென்று கேட்டது.

"என்னதான் இருந்தாலும், ஒரு டாக்டர் இவ்வளவு அஜாக்கிரதையா இருக்கலாமா?"

"அதானே" என்றன மற்ற இரண்டு குரல்களும், ஒரே நேரத்தில்.