ஒரு மடக்கு சாத்துக்குடி

"விசிறாதே சுராயா. காத்து ஆவல" என்றான் நூர்முகமது.

சித்திரை மாதத்துக் கோவளத்தில், கடல் பக்கத்துச் சன்னலையும் அடைக்கச் சொல்லிவிட்டு, காற்று ஆகவில்லை என்கிற புருஷனை என்ன செய்வது? காய்ச்சல்காரன் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். சுராயா விசிறியை மடியில் போட்டுக்கொண்டாள்.

சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு, திருப்போரூர் வரைக்கும் ஊர் ஊராகக் கூவி விற்கிறவன். அவன் ஒரு நாள் படுத்தால் மறுநாள் அடுப்பு யோசிக்கும். இப்போது மூன்று நாளாகப் படுக்கை.

ஆனால் அவளை நிம்மதியாகக் கவலைப்பட யார் விட்டார்கள்? அப்துல் சுபஹான் மாமா வந்துவிட்டார்.

மாமா ஒரு காலத்தில் செங்கல்பட்டில் டானிக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டாக இருந்தவர். கம்பெனி வாயை மூடிவிட்டது, மாமா மூடவில்லை. கம்பெனி கொடுத்த தோல்பையும், 'எதிர்ப்புச் சக்தி' என்கிற வார்த்தையும் அவரிடமே தங்கிவிட்டன. ஊரில் யாருக்கு மூக்கு ஒழுகினாலும் இரண்டையும் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார்.

"இது வைரஸும்மா. கண்ணுக்கே தெரியாது" என்றார், தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

வைரஸுக்கு மருந்தே கிடையாதாம். உடம்பில் சத்து இருந்தால் தன்னாலேயே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுமாம்.

அதனால் நெல்லிக்காய் வந்தது. முருங்கைக்கீரை வந்தது. ஆட்டுக்கால் சூப்பு, அரைவேக்காட்டு முட்டை, பாதி தீர்ந்த டானிக் பாட்டில் ஒன்று. மீன் எண்ணெய் மாத்திரையும் வந்தது. இந்தக் கரையில் பிடித்த சுறாவின் ஈரல் பட்டணத்துக்குப் போய், படித்துப் பட்டம் வாங்கி, விலை ஏறித் திரும்பி வந்திருந்தது.

எல்லாம் டிரங்குப் பெட்டி மேல் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன.

நூர்முகமது எதையும் தொடவில்லை. எச்சிலைக்கூட விழுங்காமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான். நடுநடுவே இடது கெண்டைக்காலைக் கட்டில் சட்டத்தில் போட்டுத் தேய்த்தான். எறும்பு ஊர்கிறதாம்.

"பி-காம்ப்ளெக்ஸ் கொறச்சல்" என்றார் மாமா.

பக்கத்து வீட்டு வேண்டா தரையில் உட்கார்ந்து சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தாள். "காத்தாலேந்து ஒரு மடக்குகூட எறங்கலியாக்கா?"

சுராயா தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். "தாகமா கீது சுராயா."

மாமாவின் முகம் மலர்ந்ததே, பார்க்கவேண்டும்! சத்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வேண்டாவின் கையிலிருந்த தம்ளரைத் தானே வாங்கி, ஏதோ பரிசு கொடுக்கிற தோரணையில் அவன் உதட்டருகே கொண்டுபோனார்.

தம்ளர் உதட்டைத் தொடவில்லை. அதற்குள் அவன் கழுத்து நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்தது. தொண்டை வெட்டி வெட்டி இழுத்தது. கையை வீசித் தட்டிவிட்டான். சாறு சுவரெல்லாம் வழிந்தது.

"குடுக்காதீங்க... தாகமா கீது... கிட்ட கொண்டாராதீங்க!"

வேண்டாவின் கை பழத்தின் மேலேயே நின்றுவிட்டது.

போன வருஷம் மீனவர் குப்பத்தில் ஒருவன் இப்படித்தான் தண்ணீரைக் கண்டு மிரண்டான் என்று சுராயாவுக்குச் சொன்னவளே அவள்தான். 'தண்ணிக்கு மெரள ஆரம்பிச்சுட்டா அப்பால ஊசி போட்டும் பிரயோசனமில்லேன்னு டாக்டரே கைய விரிச்சுட்டாருக்கா.'

இப்போது வேண்டா பழத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். சுராயாவை ஒரு தடவை பார்த்தாள். பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

ஜிப்பாவைத் துடைத்துக்கொண்ட மாமாவுக்குத் தெம்பு குறையவில்லை. "தொண்டைல சத்து இல்ல, அவ்ளோதான். இதுக்கா மூஞ்சி வெளுத்துப் போற? இது நம்ம கையில தேறுன ஒடம்பும்மா. பொங்கல் முடிஞ்சு தையூர்ல நாய் கட்ச்சுதே, அப்போ யார்கிட்ட வந்தான்? பெரியாஸ்பத்திரிக்குப் போனா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்கன்னு பயந்துகினு எங்கிட்டதான் வந்தான். ஊசி இன்னாத்துக்குடா, ஈரல் துன்னு, முட்டை துன்னு, வெசம் தானா முறியும்னேன். ஒரே வாரம்! புண்ணு காஞ்சிச்சா இல்லியா?"

நாய்.

பொங்கல் முடிந்து ஒருநாள் கிழிந்த கைலியோடு வந்து நின்றான். சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டது என்றான். இடது கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது. 'கண்ணு எங்க வெச்சுகினு ஓட்டறீங்க' என்று திட்டிக்கொண்டே அந்தக் கிழிசலை அவள்தான் தைத்தாள். நாய் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறியிருப்பாள். அது அவனுக்குத் தெரியும்.

அதே கைலியைத்தான் இப்போதும் கட்டியிருந்தான். கெண்டைக்காலுக்கு மேலே, அவள் போட்ட தையல். பொடிப் பொடியாக, நெருக்கமாக, அவ்வளவு அழகாகத் தைத்திருந்தாள்.

"இன்னொரு பழம் புழிம்மா வேண்டா" என்றார் மாமா, ஆளில்லாத தரையைப் பார்த்து.

திறந்திருந்த கதவு வழியாக வாசல் தெரிந்தது. சுவரில் சாய்த்திருந்த சைக்கிள் தெரிந்தது.

தையல் இடது காலில் இருந்தது. செயின், எல்லாச் சைக்கிளையும் போல, வலப்பக்கம் இருந்தது.