கல் கட்டிய புடோல்

மாநகரசபைத் தோட்டத்தில் சுல்பிகாவும் ஹிமாயாவும் அடுத்தடுத்த துண்டுகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் சுல்பிகாவுக்கு, தான் போட்ட புடோல் விதையில் ஒன்றுகூட முளைத்ததாகத் தெரியவில்லை. ஹிமாயாவின் பந்தலிலோ, நேராக வளர நுனியில் கல் கட்டிய காய்கள் வரிசையாகத் தொங்கின.

"பெருநாளைக்கு அறுப்பம், ராத்தா," என்று ஹிமாயா சிரித்தாள்.

சுல்பிகாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டு ஹிமாயா வீட்டுக்குப் போனதும், சுல்பிகா வேலியோரப் புல்லுக்குள் கத்தியை விட்டு, பந்தலுக்கு ஏறிய தண்டை அறுத்தாள்.

மறுநாள் கொடி வாடித் தொங்கியது. ஹிமாயா அழுதுகொண்டு நின்றாள்.

"ஆரோ வெட்டிட்டாங்க, ராத்தா."

"உன்ட கொடியையா?"

"என்டது இல்ல. உங்கட துண்டில முளைச்சு, ஏற வழியில்லாம நிலத்தில கிடந்திச்சு. நான்தான் என்ட பந்தல்ல ஏத்திவிட்டன். காயெல்லாம் உங்களுக்குத்தான் வெச்சிருந்தன்."